கூரையும் ஊரும்

2012ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், கிழக்கு இலண்டனிலுள்ள நியூஹாம் நகரசபை எழுதிய கடிதமொன்று பிரித்தானியாவெங்கும் பேச்சுக்குப் பொருளாயிற்று. ஏறத்தாழ நூற்றைம்பது மைலுக்கு அப்பால், ஸ்ரோக் ஒன் ட்றென்ற் என்னும் நகரிலுள்ள வீடமைப்புக் கழகம் ஒன்றுக்கு அது எழுதப்பட்டிருந்தது. நியூஹாமைச் சேர்ந்த ஐந்நூறு குடும்பங்கள் வரையில் அங்கே குடியமர்த்த இயலுமா என்பதே கடிதத்தின் வினா. இலங்கைத் தமிழர் பலர் வாழும் ஈஸ்ற் ஹாம் பகுதி இந்நகரசபையின் எல்லைக்குள் அடங்குவது. அவ்வாண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்ற ஸ்ராற்போட்டும் அங்கேயே உள்ளது. விழாவுக்கென அரங்குகள் எழுந்துகொண்டிருந்த அவ்வேளையில், வீடு வேண்டிக் காத்திருந்த குடும்பங்களின் தொகை முப்பத்தீராயிரம் என நகரசபை கூறியது. ஸ்ரோக் நகரத்தார் அக்குடும்பங்களை ஏற்க இசையவில்லை. ஆயின், ஒரு நகரசபை தன் குடிகளை இவ்வளவு தொலைவுக்கு அனுப்ப எண்ணியது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முதலாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1919ஆம் ஆண்டில், பிரித்தானியப் பாராளுமன்றம் வீடமைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சுகாதார மந்திரியாயிருந்த கிறிஸ்ரோபர் அடிசனின் பெயரால் வழங்கும் அச்சட்டம், உழைக்கும் மக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. இவ்வாறு எழுந்த நகரசபை வீடுகளில், 1980ஆம் ஆண்டளவில், நாட்டின் குடும்பங்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாழ்ந்தது. அவ்வாண்டிலே மாகிரட் தட்சர் அம்மையாரின் அரசாங்கம், குடியிருப்போர் தாம் வாழும் நகரசபை வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை வழங்கியது. சொந்த வீடு காணாத பல குடும்பங்கள் அதனால் நன்மை பெற்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் போதிய அளவிற் கட்டப்படவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடுத்த ஆண்டுத் தொடக்கம் முதல், தனியார் வீடுகளின் புதிய வாடகை ஒப்பந்தங்கள் பழைய வாடகைக் கட்டுப்பாட்டினின்றும் விடுவிக்கப்பட்டன.

இதன் விளைவு யாது? நகரசபை வீடு கிடைக்கப்பெறாத ஏழைக் குடும்பம் தனியார் வீட்டையே நாட வேண்டியதாயிற்று. அவ்வீட்டின் வாடகையைக் குடும்பத்தால் முழுவதும் செலுத்த இயலாதவிடத்து, அரசாங்கம் வீட்டு உதவிப்பணம் வழங்கியது. முன்னர் வீடு கட்டுவதற்குச் செலவான பொதுப்பணம், பின்னர் வாடகை கொடுப்பதற்குச் செலவாகத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டளவில் இவ்வுதவிப்பணம் ஆண்டுக்கு இரண்டாயிரம் கோடிப் பவுணைத் தாண்டியது. பெயரளவில் இது ஏழைக்கு அளிக்கும் உதவி. பணம் போய்ச் சேர்ந்ததோ வீட்டுச் சொந்தக்காரரிடம்.

2010ஆம் ஆண்டிற் பதவியேற்ற கூட்டு அரசாங்கம் இச்செலவைக் குறைக்கத் துணிந்தது. 2011 ஏப்பிரிலில் தனியார் வீட்டு உதவிப்பணத்துக்கு நாடு முழுவதற்கும் ஓர் எல்லை விதிக்கப்பட்டது. ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாரம் 250 பவுண், இரண்டுக்கு 290, மூன்றுக்கு 340, நான்குக்கு 400 என்பன அவ்வெல்லைகள். குடும்பம் எவ்வளவு பெரிதாயினும் 400 பவுணுக்கு மேல் இல்லை. 2013ஆம் ஆண்டில் இதனினும் விரிந்த ஓர் உச்சவரம்பு வந்தது. வேலையற்ற ஒரு குடும்பம் பெறும் உதவிப்பணங்கள் யாவும் சேர்ந்து வாரம் 500 பவுணை, அதாவது ஆண்டுக்கு 26,000 பவுணை, மிஞ்சலாகாது என்பது விதி. தனியாக வாழ்பவருக்கு வாரம் 350 பவுண். போதிய நேரம் வேலை செய்வோருக்கும், அங்கவீனர்க்குரிய உதவிப்பணம் பெறுவோர் பலருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

அரசாங்கத்தின் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. உழைத்து வரி செலுத்தும் ஒரு சராசரிக் குடும்பம் ஈட்டுவதை விட, உழைக்காத குடும்பம் அதிகம் பெறுதல் தகாது என்றனர். உழைப்பவர் குடியிருக்க வசதியற்ற தெருவில், அவர் வரிப்பணத்திலே மற்றொருவர் குடியிருக்கலாமா என்றும் வினவினர். மக்களிற் பெரும்பாலோர் இவ்வாதத்தை ஏற்றனர்.

ஆயினும் உச்சவரம்பு செயற்படும் முறையைக் கவனித்தல் அவசியம். உதாரணமாக, ஒரு தாயும் பல பிள்ளைகளும் உள்ள குடும்பம் ஒன்றைக் கருதுவோம். உணவு, உடை முதலியவற்றுக்கு வாரம் 350 பவுணும், வாடகைக்கு 250 பவுணும் உதவி கிடைக்கிறதெனில் மொத்தம் 600. உச்சவரம்பு 500. மிகையான 100 பவுணும் வீட்டு உதவிப்பணத்திலிருந்தே கழிக்கப்படும். வாடகைக்கு இனி 150 பவுணே கிடைக்கும். வாடகையோ 250 பவுணாகவே நிற்கும். இக்குறையை உணவிலிருந்து ஈடுசெய்தல் வேண்டும், அல்லது வீட்டைவிட்டுப் போதல் வேண்டும்.

உதவிப்பணம் குறையுமாயின் வாடகையும் தானே இறங்கும் என்று சிலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. 2011ஆம் ஆண்டு மாற்றங்களின் விளைவை அறிய அரசாங்கமே செய்வித்த ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறைக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைக் குடியிருப்போரே சுமந்தனர் என்றும், வீட்டுச் சொந்தக்காரர் மீது விழுந்தது எஞ்சிய சிறு பங்கே என்றும் அவ்வாய்வு கண்டது.

நகரசபை வீடுகளிலும் வீடமைப்புக் கழக வீடுகளிலும் குடியிருந்தோரை வேறொரு விதி தாக்கியது. 2013 ஏப்பிரில் முதல், தேவைக்கு மேல் ஓர் அறை இருப்பின், உதவிப்பணத்துக்குக் கணக்கிடும் வாடகையில் நூற்றுக்குப் பதினான்கும், இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் நூற்றுக்கு இருபத்தைந்தும் வெட்டப்பட்டன. மக்கள் இதனைப் 'படுக்கையறை வரி' என அழைத்தனர். ஓய்வூதிய வயதினர் விலக்கப்பட்டனர். சிறிய வீட்டுக்கு மாறுக என்பது விதியின் உட்கருத்து. ஆனால் மாறிச் செல்வதற்குரிய சிறிய வீடுகள் பல ஊர்களில் வேண்டிய அளவுக்கு இருக்கவில்லை.

வீடிழந்த குடும்பத்துக்குத் தங்குமிடம் தேடிக் கொடுத்தல், குறிப்பாகப் பிள்ளைகள் இருப்பின், சட்டப்படி நகரசபையின் கடமையாகும். இயன்றவரை தன் எல்லைக்குள்ளேயே அதனைத் தேட வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம். உதவிப்பண எல்லைக்குள் அடங்கும் வீடு இலண்டனில் அரிதானபோது, 'இயன்றவரை' என்னும் சொல்லின் பொருள் நாளுக்கு நாள் சுருங்கலாயிற்று. 2013ஆம் ஆண்டில், ஸ்ராற்போட்டிலுள்ள விடுதி ஒன்றிலிருந்து வெளியேறப் பணிக்கப்பட்ட இளந் தாய்மாருக்கு, மன்செஸ்ரர், பேமிங்ஹாம், ஹேஸ்ரிங்ஸ் முதலிய தூர நகரங்களில் இடம் காட்டப்பட்டது. கைக்குழந்தைகளோடு அவர்கள் தெருவில் இறங்கிக் குரலெழுப்பினர். அதன் பயனாக அவர்களிற் பலர் இலண்டனிலேயே தங்க முடிந்தது.

இப்பிரச்சினை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபையின் எல்லைக்குள், ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவர், வாரம் 1,050 பவுண் வாடகைக்கு நாலறை வீடொன்றில் வாழ்ந்து வந்தார். முன்னர் உதவிப்பணம் அவ்வாடகையை ஈடுசெய்தது. எல்லை விதிக்கப்பட்ட பின்னர் இயலாதுபோயிற்று. வீடிழந்த அவருக்கு, ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு அப்பால், மில்ற்றன் கீன்ஸ் அருகே பிளெச்லி என்னும் ஊரில் ஒரு வீட்டை நகரசபை காட்டியது. உடல்நலங் குன்றிய அத்தாய், தாம் நோயுறும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களும், பிள்ளைகளின் பாடசாலைகளும் இங்கேயே உள்ளன என்று கூறி மறுத்தார். நகரசபை தன் கடமை முடிந்ததென்றது. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் பிரிக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

கீழ் நீதிமன்றங்கள் நகரசபையின் பக்கமே தீர்ப்பளித்தன. ஆனால் 2015 ஏப்பிரிலில் அதியுயர் நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக அத்தாயின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் ஹேல் சீமாட்டி. ஒரு குடும்பத்தை வெளியூருக்கு அனுப்புதல் எவ்விடத்தும் கூடாதென்று அவர் கூறவில்லை. அண்மையில் வீடு தேடப்பட்டதா, அம்மாற்றம் பிள்ளைகளின் நலனை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராயப்பட்டதா என்பவற்றை நகரசபை சான்று கொண்டு காட்ட வேண்டும் என்றார். வீட்டுப் பஞ்சம் என்னும் பொதுவான வார்த்தை போதாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உச்சவரம்பு அதனால் நீங்கிவிடவில்லை. 2016 நவம்பரில் அது இலண்டனில் 23,000 பவுணாகவும், ஏனைய இடங்களில் 20,000 பவுணாகவும் தாழ்த்தப்பட்டது. இதனால் இலண்டனுக்கு வெளியே வாழ்ந்த பல குடும்பங்களும் அதனுள் அகப்பட்டன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையுடைய தனித் தாய்மார் தொடுத்த வழக்கில், 2019 மே மாதத்தில், அதியுயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் உச்சவரம்பு சட்டத்துக்கு இசைந்ததே என்றது. 2023 ஏப்பிரிலில் அது முறையே 25,323 பவுணாகவும் 22,020 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. பத்தாண்டுகளாக விலைவாசி ஏறியிருந்தும், இத்தொகைகள் 2013ஆம் ஆண்டின் 26,000 பவுணை எட்டவில்லை.

பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுதல் எந்த அரசாங்கத்துக்கும் கடமையே. ஆனால் வாடகைக்கு எல்லை இல்லாதிருக்கையில் உதவிக்கு மட்டும் எல்லை வகுத்தால், செலவின் சுமை மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி ஏழையின் அடுப்படிக்குச் செல்கின்றது. மற்றொரு பகுதி, வீடிழந்தோரை விடுதிகளில் தங்கவைக்கும் நகரசபையின் கணக்கேட்டுக்கு மாறுகின்றது. மிஞ்சியதைப் பள்ளி மாறிய பிள்ளையும், பேரப்பிள்ளையைப் பார்க்க ஐம்பது மைல் செல்ல வேண்டிய பாட்டியும் சுமக்கின்றனர். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர், உதவியைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் கொடுத்தனர். அவ்வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஊரோடு வேரூன்றின. வாடகைப் பணமாகக் கொடுக்கும் உதவி, தொகை மாறும் ஒவ்வொரு முறையும், அவ்வேரை அசைக்க வல்லது.