பாய்லரும் ஈயத்திருகும்

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஸ்டோரிலும் ராப்பகலாக அடுப்பு எரிகிறது. கப்பல் பாய்லர் என்றால் மட்டும் ஏன் இத்தனை பயம்?" ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா பற்றிப் படித்துவிட்டுக் கேட்கிறார். எட்டு பாய்லர்களால் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல் அது. 2019 ஏப்ரல் 26 அன்று கார்வார் துறைமுகத்துக்குள் நுழையும்போது அதில் தீப்பிடித்தது. அணைக்கப் போன குழுவுக்கு முன்னால் நின்றவர் லெப்டினென்ட் கமாண்டர் டி.எஸ்.சௌஹான். தீ அடங்கியது, புகையில் மயங்கிய அவர் பிழைக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று பாய்லர் வெடிக்கவில்லை. வெடித்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பயம். ஸ்டோரில் விறகுப் புகை இரும்புக் குழாய் வழியே போய்ப் புகைபோக்கியில் வெளியேறிவிடுகிறது, எதுவும் அடைபடுவதில்லை. பாய்லரில் தண்ணீரே அடைபட்டுக் கிடக்கிறது. பத்து மடங்கு காற்றழுத்தத்தில் அது 180 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். தகடு கிழிந்த நொடியில் அதில் ஒரு பங்கு ஆவியாகிறது. ஆவியான ஒவ்வொரு லிட்டர் நீரும் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும்.

1905 ஜூலை 21 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் பென்னிங்டன் என்ற போர்க்கப்பலின் பாய்லர் இப்படித்தான் வெடித்து 66 பேர் இறந்தார்கள். அழுத்தமானிக்குப் போகும் வால்வு தவறுதலாக மூடப்பட்டிருந்தது, முள் ஏறவில்லை. பாதுகாப்பு வால்வும் திறக்கவில்லை. ஆவி நிறைந்த அறைகளில் புகுந்து தோழர்களை இழுத்து வந்தவர்கள் உட்பட 11 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது. வேளாவேளைக்கு வால்வைக் கழற்றித் துடைக்கும் ஆளுக்கு எந்த நாட்டிலும் பதக்கமில்லை. எனக்கு இது நெடுநாள் குறை.

பாய்லரின் காவல் கருவிகளில் எனக்குப் பிடித்தது ஈயத்திருகு. 1928இல் போடிக்கு ரயில் வந்த காலத்து நீராவி எஞ்சின்களில், நெருப்புப்பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று இருக்கும். மேலே தண்ணீர் நிற்கும்வரை அது உருகாது. நீர்மட்டம் இறங்கிக் கூரை காய்ந்தால், தகடு இளகுமுன் ஈயம் உருகிவிடும். ஓட்டை வழியே ஆவி சீறி நெருப்பின்மேல் பாயும், ஆட்களையும் எச்சரிக்கும். முள்ளில்லை, ஸ்பிரிங்கில்லை, துருப்பிடித்து இறுகவும் வழியில்லை. தான் அழிவது மட்டுமே அதன் வேலை.

நம் குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு இதே ஜாதிதான். உருகினால் கடைக்காரர் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார், நாமும் வாங்கி வருகிறோம். சிலர் ஆணியைத் திருகிவிடுவதும் உண்டு. ஆலை பாய்லருக்கு 1923லேயே தனிச் சட்டம் போட்டு, சோதனைச் சான்றில்லாமல் ஓட்டக்கூடாது என்றார்கள். அடுப்படிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அடுத்தமுறை கேஸ்கட் மாற்றும்போது, குக்கர் செய்த கம்பெனியின் வால்வையும் கேட்டு வாங்குங்கள்.