நிற்கும் உடலும் மருத்துவப் பார்வையும்

'சோர்வு' என்ற சொல்லுக்கு நம்மிடம் மரியாதை கிடையாது. கூட்டங்களுக்கு வராமல் போன தோழரை 'அவர் சோர்ந்துபோயிட்டார்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஏற்கனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒரு நோய்க்கே 'நாள்பட்ட சோர்வு' என்று 1988இல் அமெரிக்காவில் பெயர் வைத்தபோது, அதே தீர்ப்பு நோயாளிகளின் தலையில் விழுந்தது. 'யாருக்குத்தான் சோர்வில்லை?' என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

இதன் முன்கதையைப் பார்க்கவேண்டும். 1955 ஜூலை தொடங்கி லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் 292 பேர் அடுத்தடுத்து விழுந்தார்கள். தசைவலி, தலைசுற்றல், கைகால் தளர்ச்சி. மருத்துவமனையையே அக்டோபர்வரை மூடினார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல், அது கூட்டு 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று!

இனி உடலுக்கு வருவோம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் இருக்கும் அழுத்த உணரிகள் உடனே இதை அறிந்து, நரம்புகள் வழியாகக் குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மூளைக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. நமக்குத் தெரியாமலே நாள் முழுக்க நடக்கும் உழைப்பு இது. இந்நோயாளிகள் பலரிடம் இந்த உழைப்புதான் தடுமாறுகிறது. சிலருக்கு அழுத்தம் விழுகிறது. சிலருக்கு அழுத்தம் விழாமலே, நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30க்கு மேல் கூடிவிடுகிறது. 1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 23 நோயாளிகளைச் சாய்மேசையில் கட்டி நிமிர்த்திப் பார்த்தார்கள். 22 பேரின் உடல் நிமிர்வைத் தாங்கவில்லை. 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நிமிர்த்தியபோது மூளைக்குப் போகும் இரத்தம் நலமானவர்களிடம் 7 சதவீதம் குறைய, 429 நோயாளிகளிடம் சராசரியாக 26 சதவீதம் குறைந்தது. 'மூளையில் பனி மூடினாப்ல இருக்கு' என்று நோயாளி சொல்வது உருவகம் இல்லை.

அடுத்தது காலம். இந்த உடலின் தாளமும் வேறு. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் தூங்கியதாகவே இருக்காது. காலையில் உடலை எழுப்பும் கார்ட்டிசால் சுரப்பின் ஏற்றம் மட்டுப்பட்டிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சிறிய உழைப்புக்கான தண்டனை உடனே வருவதில்லை. ஒருநாள், ரெண்டுநாள் கழித்து வந்து வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளும். திங்கட்கிழமை மருத்துவர் முன்னால் 'நல்லா' உட்கார்ந்திருப்பவர் புதன்கிழமை எழமுடியாமல் கிடப்பார். அந்தப் புதன்கிழமையை எந்த மருத்துவச் சீட்டும் பதிவு செய்வதில்லை.

ஃபூக்கோ 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) நூலில், நவீன மருத்துவப் பார்வை பிணத்தைத் திறந்து பார்த்ததில் உருவானது என்று காட்டுகிறார். நான் இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிணம் எழுந்து நிற்பதில்லை. பிணத்துக்கு நாளை மறுநாளும் இல்லை. படுத்த அல்லது உட்கார்ந்த உடலை ஒரே ஒரு கணத்தில் அளக்கிற பார்வைக்கு, நிற்கும்போதும் நாள் கடந்தும் மட்டுமே வெளிப்படும் நோய் எப்படித் தெரியும்? தெரியாததை அது 'மனசு' என்ற கிடங்கில் போட்டுவிடுகிறது.

இது வெறும் தத்துவப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறிவிடலாம் என்று 2011இல் ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு அறிவித்தது. அப்படிச் செய்து மேலும் நலம் கெட்டதாகப் பலர் சொன்னார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. நோயாளி ஒருவர் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஆய்வுத் தரவுகளைக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. முதலில் வகுத்த அளவுகோல்படி கணக்குப் போட்டபோது, 'குணமானார்கள்' என்ற கூற்று பெரும்பாலும் கரைந்துபோனது. 2021இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அந்தப் பயிற்சிமுறையைக் கைவிட்டது. நோயாளிகளே தம் உடல் பற்றிய அறிவுக்காகப் போராடி ஜெயித்த வரலாறு இது.

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. கோவிட்டுக்குப் பிறகு இதே குறிகளோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் கேட்கத் தொடங்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பத்து நிமிடம் படுக்கவைத்து, பிறகு பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்கவைத்து, மயங்கினால் பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்க, நாடியையும் அழுத்தத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்தால் போதும். அப்புறம், ரெண்டுநாள் கழித்து 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்வி மருத்துவருக்கு மட்டுமானதா? பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்ட நாமும் கேட்டிருக்கவேண்டியதுதான்.