புகாரில் ஏறாத குற்றங்கள்

ஈப்போவுக்குத் தெற்கே, வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை பிரியும் இடம் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்பு ஆலைகளும் சூழ்ந்த பகுதி. ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கிந்தா பள்ளத்தாக்கின் இத்தகைய ஊர்களில் உள்ள தாமான்களில் குடியேறின. இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஓராண்டில் எத்தனை குற்றங்கள் நடக்கின்றன? காவல் நிலையப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் பதிவேட்டில் இருப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று. புகார் செய்யப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை மட்டுமே அதில் இருக்கும்.

ஒரே தெருவில் ஒரே மாதத்தில் மூன்று திருட்டுகள் நடப்பதாகக் கொள்ளலாம். முதல் வீட்டில் மோட்டார் சைக்கிள் காணாமற்போகிறது. திருடியவன் அதே வண்டியில் போய் வேறு குற்றம் செய்தால் பழி தன் மேல் விழுமே என்ற அச்சத்தில் வீட்டுக்காரர் உடனே புகார் செய்கிறார். இரண்டாவது வீட்டில் கேஸ் சிலிண்டர் போகிறது. "இதற்கெல்லாமா போலீஸ்?" என்று அந்தக் குடும்பம் விட்டுவிடுகிறது. மூன்றாவது வீட்டுப் பாட்டியின் கழுத்துச் சங்கிலியைக் கோயிலுக்குப் போகும் வழியில் யாரோ பறித்துக்கொண்டு போகிறார்கள். நிலையத்துக்குப் போனால் மகனுக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். சங்கிலியும் திரும்பாது என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். நடந்தவை மூன்று, பதிவானது ஒன்று. பதிவாகாமல் போன இந்த இரண்டைத்தான் குற்றவியல் அறிஞர்கள் "மறைந்த எண்ணிக்கை" என்கிறார்கள்.

தோட்டத்து வாழ்க்கைக்கும் இந்த மௌனத்தில் பங்கு உண்டு. அங்கே சச்சரவு எதுவானாலும் கிராணியிடமோ, நிர்வாகத்திடமோ, கோயில் தலைவரிடமோ போய் முடியும். காவல் நிலையம் கடைசி வழியாகவே இருந்தது. தோட்டம் கைமாறி மக்கள் தாமானுக்கு வந்த பிறகு, பஞ்சாயத்து பேசிய அந்த மனிதர்கள் இல்லை. நிலையத்தின் படியேறும் பழக்கமும் பலரிடம் இன்னும் வரவில்லை.

வீடு தேடிப் போய்க் கேட்கும் முறை

புகாரை எண்ணுவதற்குப் பதிலாக மக்களையே கேட்டால் என்ன என்ற எண்ணம் 1960களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1966-இல் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு, உண்மையான குற்றங்கள் போலீஸ் கணக்கைவிட வெகுவாக அதிகம் என்று காட்டியது. 1970களின் தொடக்கத்தில் அங்கு இது தேசியக் கணக்கெடுப்பாயிற்று. பிரிட்டனில் முதல் கணக்கெடுப்பு 1982-இல் நடந்தது.

ஒவ்வொரு நாடும் தன் போக்கில் கேட்டால் ஒப்பிட முடியாது. ஆகவே நெதர்லாந்தின் யான் வான் டைக் உள்ளிட்ட ஐரோப்பிய அறிஞர்கள் ஒரே கேள்வித்தாளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கினர். 1989-இல் தொடங்கிய அந்தப் பன்னாட்டுக் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு, 2005 வரையிலான சுற்றுகளில் 78 நாடுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் தொலைபேசியில் கேட்டார்கள். பம்பாய், மணிலா போன்ற நகரங்களில் நேரில் போய்க் கேட்டார்கள்.

கேள்விகள் எளியவை. கார் திருட்டு, மோட்டார் சைக்கிள் திருட்டு, வீடு புகுந்து திருடுதல், வழிப்பறி, ஜேப்படி, தாக்குதல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது உங்களுக்கு நேர்ந்ததா?" என்று கேட்பார்கள். "உங்களுக்கு ஏதாவது குற்றம் நடந்ததா?" என்று பொதுவாகக் கேட்டால் பலருக்கு எதுவும் நினைவுக்கு வராது. நேர்ந்தது என்றால் அடுத்த கேள்வி, "போலீசில் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் ஏன்?" என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்குக் காவல் நிலையப் பதிவேட்டில் விடை கிடைக்காது.

எண் கூடினால் குற்றம் கூடியதா?

போலீஸ் புள்ளிவிவரத்தை வைத்து நாடுகளை ஒப்பிடுவதில் பெரிய சிக்கல் இருக்கிறது. சுவீடனில் பாலியல் குற்றங்கள் மிக அதிகம் என்று அடிக்கடி செய்தி வரும். அங்கே சட்டத்தின் வரையறை விரிவானது. ஒரே ஆள் மீது பலமுறை நடந்த குற்றத்தைப் பல குற்றங்களாக எண்ணுகிறார்கள். புகார் வந்த உடனேயே கணக்கில் சேர்க்கிறார்கள். மௌனம் காக்கும் நாடு பட்டியலில் நல்ல நாடாகவும், பேசவிடும் நாடு கெட்ட நாடாகவும் தோன்ற இது போதும்.

ஓர் ஊருக்குள்ளும் இதே கதைதான். மக்களிடம் நம்பிக்கை பெற்ற ஓர் அதிகாரி நிலையத்துக்கு வந்தால் புகார்கள் பெருகும். குற்றம் கூடாமலே எண் கூடிவிடும். எண்ணை மட்டும் வைத்து அவரை எடைபோட்டால் நல்லவருக்குத்தான் கெட்ட பெயர்.

மலேசியாவில் வன்முறைக் குற்றங்கள், சொத்துக் குற்றங்கள் என்று பிரித்து வெளியிடப்படும் குற்றக் குறியீடு போலீசுக்கு வரும் புகார்களை அடிப்படையாகக் கொண்டது. 2010-இல் அறிவிக்கப்பட்ட அரசாங்க உருமாற்றத் திட்டத்தில் குற்றக் குறைப்பும் ஒரு முக்கிய இலக்காயிற்று. அதன் பின்னர் குறியீடு இறங்கியதாக அறிவிக்கப்பட்டபோது, "அப்படியானால் பயம் ஏன் குறையவில்லை?" என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. பதிவான எண்ணும் மக்கள் அனுபவமும் தனித்தனியே அளக்கப்படாத வரை அந்த வாதத்துக்கு முடிவு கிடைப்பது கடினம்.

தமிழர் நகரங்களில்

இது மேல்நாட்டுக்கு மட்டும் உரிய முறையன்று. சென்னையில் குற்றவியல் பேராசிரியராக இருந்த சொக்கலிங்கம், தென்னிந்தியாவின் நான்கு பெரிய நகரங்களில் நடத்திய பாதிப்புக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2003-இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. 2017-இல் ஐ.டி.எஃப்.சி. ஆய்வு நிறுவனம் சென்னை, டில்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. திருட்டுக் கொடுத்தவர்களில் முதல் தகவல் அறிக்கை வரை சென்றவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அது காட்டியது.

ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015-இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளிலும் இந்த அளவுகோல் இடம்பெற்றுவிட்டது. வன்முறைக்கு ஆளானவர்களில் எத்தனை பேர் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள், தன் வட்டாரத்தில் தனியே நடப்பது பாதுகாப்பானது என்று எத்தனை பேர் கருதுகிறார்கள் என்பனவற்றை நாடுகள் அளக்க வேண்டும். மக்களைக் கேட்காமல் இவற்றுக்கு விடை காண இயலாது.

குறைகளும் உண்டு

கொலையுண்டவரைக் கேட்க முடியாது. கணவனின் அடியை, அவன் அடுத்த அறையில் இருக்கும்போது மனைவி சொல்லமாட்டாள். மூன்றாண்டுக்கு முன் நடந்ததைப் போன ஆண்டு நடந்ததாக நினைவு மாற்றிக் காட்டும். இதைத் தடுக்கத்தான் முதலில் ஐந்தாண்டுகளைப் பற்றிக் கேட்டு, பிறகு எந்த ஆண்டு என்று பிரித்துக் கேட்கிறார்கள்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. இரண்டாயிரம் பேரைக் கேட்டு, நூற்றுக்கு ஒருவர் வழிப்பறிக்கு ஆளானார் என்று வந்தால், அது இருபது பேரின் வாய்மொழி. இன்னொரு நாட்டில் இருபத்தைந்து பேர் என்றால், அந்த நாடு மோசம் என்று தீர்ப்பு எழுத முடியாது.

நாடு முழுவதற்கும் எடுக்கும் கணக்கில் சிம்பாங் பூலாய் போன்ற ஓர் ஊருக்கு இரண்டு மூன்று வீடுகள்கூட அமையாமல் போகலாம். இங்கேதான் ஊர்க்காரர்களுக்கு வேலை இருக்கிறது. 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா அமைப்போ, குடியிருப்போர் சங்கமோ, ஆலய நிர்வாகமோ ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக நான்கே கேள்விகள் கேட்கலாம். என்ன நடந்தது? எப்போது? எங்கே? புகார் செய்தீர்களா? பெயரை எழுதத் தேவையில்லை. அடையாளக் கார்டு எண்ணோ வங்கிக் கணக்கு விவரமோ கேட்கவே கூடாது. கேட்பவரிடம் பதில் சொல்லவும் கூடாது. அந்தத் தாளைக் காவல் நிலைய அதிகாரியின் மேசையில் வைத்தால், எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை, எந்த நேரத்தில் ரோந்து வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ரோந்து வண்டியும் ஆள்பலமும் பதிவான எண்ணைப் பார்த்தே பங்கிடப்படும்போது, பேசாத தெருவுக்குக் கிடைப்பது குறைவாகவே இருக்கும். கேஸ் சிலிண்டர் போன வீடும் சங்கிலி பறிகொடுத்த வீடும் புகார் செய்து, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். போன பொருள் திரும்பாமற்போனாலும், அந்தத் தெருவில் நடந்தது மூன்று என்று கணக்கில் ஏறும்.