வானமும் காலமும் – 12: மார்கழிக்கு மட்டும் ஏன் குறைந்த நாள்?

தமிழ் மாதங்களில் நீண்டது ஆனி, குறுகியது மார்கழி. வாக்கியப் பஞ்சாங்கக் கணக்குப்படி ஆனிக்கு 31 நாள், 36 நாழிகை, 38 விநாழிகை. மார்கழிக்கு 29 நாள், 20 நாழிகை, 53 விநாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஆக, இரண்டு மாதங்களுக்கும் இடையே 2 நாள் 6 மணி நேரத்துக்கும் சற்று மேலான வித்தியாசம் இருக்கிறது.

ராசிச் சக்கரம் தலா 30 பாகை கொண்ட 12 சம பங்குகள் என்பதும், சூரியன் ஒரு ராசியை விட்டு அடுத்ததற்குள் நுழையும் கணமே சங்கராந்தி என்பதும் இத்தொடரில் முன்பே வந்துவிட்டன. பங்குகள் சமம் என்றால் மாதங்களும் சமமாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டின் 365 நாளையும் சொச்சத்தையும் 12 ஆல் வகுத்தால் மாதம் ஒன்றுக்கு 30 நாள் பத்தரை மணி நேரம் கிடைக்கிறது. ஆனி அதைவிட ஒரு நாளுக்கு மேல் கூடுகிறது. மார்கழி ஒரு நாளுக்கு மேல் குறைகிறது.

காரணம் பூமியின் பாதையில் இருக்கிறது. அது நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி. அருகில் வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். 1609இல் கெப்ளர் வெளியிட்ட விதி இது. ஜனவரியில் நொடிக்கு 30.29 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பூமி, ஜூலையில் 29.29 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பூமியிலிருந்து பார்ப்பவருக்கு இது சூரியனின் வேகமாகத் தெரியும். மார்கழியில் சூரியன் நாளொன்றுக்கு 61 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்கிறது, ஆனியில் 57 கலைதான். அதே 30 பாகையைக் கடக்க ஆனிச் சூரியனுக்குக் கூடுதல் நாள் தேவைப்படுகிறது.

நாட்காட்டியில் பின்னத்தை அச்சிட முடியாது. அதனால் தமிழ் வழக்கில், சங்கராந்தி சூரியன் மறைவதற்கு முன் நேர்ந்தால் அன்றே மாதப்பிறப்பு. மறைந்தபின் நேர்ந்தால் மறுநாள். இந்த விதியால் ஆனி சில ஆண்டுகளில் 31 நாளும் சில ஆண்டுகளில் 32 நாளும் பெறுகிறது. மார்கழி 29 அல்லது 30. கேரளத்தில் எல்லை சூரிய மறைவு அல்ல, உதயத்திலிருந்து 18 நாழிகை. சித்திரை முதல் நாளுக்கு மறுநாள் விஷு வரும் ஆண்டுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் மாதம் மார்கழி என்பது பலருக்கு முரணாகத் தோன்றும். அப்போது பூமிக்கு வரும் சூரிய ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். ஆனாலும் மார்கழி குளிர்கிறது. பருவத்தை நிர்ணயிப்பது தொலைவு அல்ல, பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. வடபாதி சூரியனை விட்டுச் சாய்ந்திருக்கும்போது பகல் சுருங்கி, கதிர்கள் சரிவாக விழுகின்றன. அதே நாட்களில் ஆஸ்திரேலியாவில் கோடை.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தோ நீள்வட்டம் என்ற கருத்தோ நுழையாத சித்தாந்த நூல்களில் இந்த வேக மாற்றம் துல்லியமாக அளக்கப்பட்டிருப்பதுதான் இந்த வரலாற்றின் மிக அழகிய பகுதி. சூரியன் மிக மெதுவாக நகரும் இடத்துக்கு அந்நூல்கள் தந்த பெயர் மந்தோச்சம். ஆர்யபடர் அதை மேஷத் தொடக்கத்திலிருந்து 78 பாகையில் வைக்கிறார். அதாவது மிதுன ராசியின் 18 ஆம் பாகை, ஆனி மாதத்தின் நடுப்பகுதி. சூரியன் தன் சராசரி இடத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு முந்தும் அல்லது பிந்தும் என்பதற்கு சூரிய சித்தாந்தம் தரும் அளவு சுமார் 2 பாகை 10 கலை. இன்றைய அளவு 1 பாகை 55 கலை. தொலைநோக்கி இல்லாத காலத்தில், நிழலையும் கிரகணங்களையும் நம்பிய கணக்கில், பிழை கால் பாகைதான்.

இதே சீரின்மையைக் கிரேக்கர்கள் பருவங்களின் நீளத்திலிருந்து கண்டார்கள். கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் வசந்தத்துக்கு 94½ நாள், கோடைக்கு 92½ நாள் என்று கணக்கிட்டார். சூரியப் பாதையின் மையத்தில் பூமி இல்லை என்ற முடிவுக்கு அவருக்கு இந்த இரண்டு எண்களே போதுமாயின. இன்று அந்த வரிசை மாறியிருக்கிறது: வடபாதியில் வசந்தம் 92 நாளும் முக்காலும், கோடை 93 நாளும் அரைக்கு மேலும். பூமி மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி, பருவங்களோடு ஒப்பிட்டால் நூறாண்டுக்கு 1.7 பாகை நகர்வதே காரணம். 13 ஆம் நூற்றாண்டில் பூமி மிக அருகில் வரும் நாள் டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலோடு ஒன்றியிருந்தது. அங்கிருந்து அது ஜனவரிக்கு வந்துவிட்டது.

ஆனால் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் அதே புள்ளி ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. ஒரு பாகை நகர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ராசிகளை நட்சத்திரங்களில் பொருத்திய தமிழ் நாட்காட்டிக்கு இதனால் ஒரு பெரும் நிலைத்தன்மை வாய்த்தது. ஆர்யபடர் காலத்திலும் ஆனிதான் மெதுவான மாதம், இன்றும் அதுவே. இதே ராசிக் கணக்கு நீடித்தால் இன்னும் சுமார் 3,000 ஆண்டுக்கு மார்கழியே வேகமான மாதமாக இருக்கும்.

சூரியனின் இந்த நடையைப் பின்பற்றும் நாட்காட்டிகள் வேறு சிலவும் உண்டு. 1645இல் சீனாவில், ஜெர்மானிய ஜெசுவிட் பாதிரியார் ஆடம் ஷால் வழிநடத்திய சீர்திருத்தம், ஆண்டைச் சம காலத் துண்டுகளாக வெட்டும் பழைய முறையைக் கைவிட்டுச் சூரியனின் உண்மையான இடத்தை ஏற்றது. ஈரான் 1925இல் ஏற்ற நாட்காட்டியில் முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள், அடுத்த ஐந்துக்கு 30, கடைசிக்கு 29 அல்லது 30. இந்தியாவில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் இதே தர்க்கத்தில்தான் நடந்தது. வெப்ப அயனியாக்கச் சமன்பாட்டால் விண்மீன்களின் நிறமாலையை விளக்கிய மேக்நாத் சாஹா அதன் தலைவர். குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டியில் வைசாகம் முதல் பாத்ரபதம் வரை ஐந்து மாதங்களுக்கும் 31 நாள். 1957 மார்ச் 22இல் அது நடைமுறைக்கு வந்தபோது சாஹா உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் காலமாகிவிட்டார். கிரிகோரியன் நாட்காட்டியில் ஜூலைக்கு 31, பிப்ரவரிக்கு 28 என்பது சூரியனின் நடையால் வந்ததல்ல. அது ரோமானியர் விட்டுச் சென்ற ஏற்பாடு.

இந்த இதழுக்கு அறிவிக்கப்பட்டிருந்த கேள்வி வேறு: சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 என்றால், உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடப்படும் தை முதல் நாள் ஜனவரி நடுவில் வருவது எப்படி? மார்கழிக் கணக்கு இடத்தை எடுத்துக்கொண்டதால், அதன் தொடக்கத்தை மட்டும் இங்கே சொல்லலாம். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அந்தச் சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. இந்த நகர்வில் 1900இல் விடுபட்ட பிப்ரவரி 29க்கும் பங்கு உண்டு. அடிப்படைக் காரணம், நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீண்டிருப்பது. அந்த 20 நிமிடம் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளியாக வளர்ந்த கணக்கும், அதற்குக் காரணமான பூமி அச்சின் சுழற்சியும் அடுத்த இதழில்.