மயக்க மருந்துக்கு முன் காதைப் பற்றியும் சொல்லுங்கள்

புதுக்கடையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்கு ஒரு சத்திரசிகிச்சைக்காகப் போகிறவர்கள் பிரஷர், சீனி வருத்தம், மருந்து ஒவ்வாமை பற்றியெல்லாம் மறக்காமல் சொல்கிறார்கள். சிறுவயதில் காதில் சீழ் வடிந்ததையோ செவிப்பறையில் ஓட்டை இருப்பதையோ சொல்பவர்கள் குறைவு. அதையும் சொல்வது அவசியம்.

பழைய வாயு, இன்றும் பயன்பாட்டில்

சிரிப்பு வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டை 1844இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் சுவாசித்து, தன் பல்லை வலியின்றிப் பிடுங்குவித்தார். மற்ற மயக்க மருந்துகளுடன் சேர்த்து இன்றும் இதைக் கொடுக்கிறார்கள்.

காதுக்குள் நடப்பது

செவிப்பறைக்குப் பின்னே காற்று நிறைந்த சிறு அறையாக நடுச்செவி உள்ளது. நைதரசு ஒட்சைட்டு, நைதரசனைவிட ஏறத்தாழ 34 மடங்கு அதிகமாக இரத்தத்தில் கரையும். எனவே நடுச்செவியிலிருந்து நைதரசன் வெளியேறும் வேகத்தைவிட இது உள்ளே புகும் வேகம் அதிகம், அழுத்தம் ஏறுகிறது. 1965இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மயக்கத்தின்போது இந்த அழுத்த மாற்றத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

தொண்டைக்குச் செல்லும் குழாய் திறந்திருந்தால் வாயு வெளியேறிவிடும். தடிமனால் அது அடைபட்டிருந்தால் செவிப்பறை புடைக்கும். மிக அரிதாகக் கிழிந்ததும் உண்டு. வாயுவை நிறுத்தியபின் அழுத்தம் சட்டென இறங்குவதால், விமானத்தில் போல் காது அடைக்கலாம்.

ஓட்டையை அடைக்கும் சத்திரசிகிச்சையில்

ஓட்டை திறந்திருக்கும்வரை வாயு அதன்வழியே வெளியேறும். புதிய சவ்வை வைத்து அடைக்கும்போதுதான் அழுத்தம் அதை இடம்பெயர்க்கலாம். அதனால் வைத்தியர்கள் இந்த வாயுவைத் தவிர்ப்பார்கள். அல்லது சவ்வை வைக்குமுன்பே நிறுத்துவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காதில் சீழ், ஓட்டை, முன்பு செய்த காதுச் சத்திரசிகிச்சை, இப்போதுள்ள தடிமன் அனைத்தையும் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.
• பிறகு காதுவலி நீடித்தால், இரத்தம் அல்லது நீர் வடிந்தால், கேட்கும் திறன் குறைந்தால், தலைசுற்றினால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குச் செல்லுங்கள்.
• எண்ணெயோ, வைத்தியர் தராத சொட்டு மருந்தோ விடாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்துகளும் ஓட்டையுள்ள காதுக்கு ஆகாது.
• குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள்.

அடிபட்டு ஏற்படும் சிறு ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக ஆறிவிடும். பயந்து சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் காதின் நிலை முன்கூட்டியே தெரிந்தால், வேறு மயக்க மருந்தைத் தெரிவுசெய்ய வைத்தியருக்கு வழியுண்டு.