மங்கும் செவியும் முதியோரின் தனிமையும்

முதுமையில் கண்ணும் செவியும் தளர்வது இயற்கையே என்று விட்டுவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம். இவ்விரண்டில் கண்ணுக்கு நாடு ஓரளவு வழி கண்டுவிட்டது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். கண்புரை அறுவை சிகிச்சை இன்று சிற்றூர் மூதாட்டிக்கும் பழகிய செய்தி. செவித்திறன் குறைவுக்கான தேசியத் திட்டமோ 2006-07இல்தான் பிறந்தது.

செவி திடீரென அடைபடுவதில்லை. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மறைகின்றன. எனவே உயிரொலிகள் கேட்கும். ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவும். “சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை” என்று முதியவர் கூறுவது இதனால்தான். பலர் கூடிப் பேசும் இடத்தில் இக்குறை பெருகும். விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்புவதிலேயே மூளை களைத்து, கேட்டதை நினைவில் இருத்தும் ஆற்றல் குறைகிறது. மறுபடியும் கேட்கக் கூச்சப்பட்டுச் சிலர் பேச்சையே தவிர்க்கின்றனர்; தனிமை இவ்வாறே வீட்டுக்குள் நுழைகிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு அறிதிறன் சிதைவு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தவிர்க்கக்கூடிய காரணிகளுள் செவித்திறன் இழப்பை 2017 முதல் குறிப்பிட்டுவரும் லான்செட் ஆணையம், 2024இல் பார்வையிழப்பையும் சேர்த்தது.

மும்பைக்கு அப்பால், கல்யாணை அடுத்துள்ள உல்லாஸ்நகரில் இச்சிக்கலுக்கு மொழியின் பரிமாணமும் உண்டு. நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் போர்க்கால இராணுவ முகாமில் குடியமர்த்தப்பட்டனர். 1949இல் தலைமை ஆளுநர் ராஜாஜி அம்முகாமை நகராக்கி அடிக்கல் நாட்டினார். நகரின் பகுதிகள் இன்றும் முகாம் எண்களாலேயே வழங்குகின்றன. பத்து வயதில் அங்கு வந்தவர் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார். அவர் கற்ற சிந்தி அரபு வரிவடிவில் அமைந்தது. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்ற பேரப்பிள்ளைக்கு அது புரியாது. பேச்சு நழுவும்போது, எழுதிக் காட்டும் வழியும் இத்தகையோருக்கு எளிதன்று. போதாக்குறைக்கு, நினைவாற்றல் சோதனையில் கேள்வி காதில் விழாமலே மதிப்பெண் குறையலாம்; அதை மறதி நோய் என்று எழுதிவிடுவது பெரும்பிழை.

செவித்துணைக் கருவியால் பயனுண்டா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மொத்தக் குழுவில் அறிதிறன் வீழ்ச்சி குறையவில்லை. நீண்டகால இதயநோய் ஆய்விலிருந்து வந்த, இடர் மிகுந்த பிரிவில் மட்டும் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே கருவியை மறதிக்கு மருந்தாக விளம்பரப்படுத்துவது பொருந்தாது. ஆனால் கருவி பெற்றோர் பேச்சுத் தொடர்புகளை மற்றோரைவிட நன்கு காத்துக்கொண்டனர் என்பது பின்னர் தெரிந்தது. அங்கு வழங்கப்பட்டது கருவி மட்டுமன்று. வல்லுநர் பலமுறை உடனிருந்து பழக்கினார்.

நம் திட்டங்களின் குறை இங்கேதான். 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வறிய முதியோருக்கு மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி முதலியவற்றை முகாம்களில் இலவசமாக வழங்குகிறது. கான்பூரின் அலிம்கோ நிறுவனம் ஓராண்டு பழுதுபார்க்கும். அதன் பிறகு மின்கலம் வாங்குவதும், இரைச்சலைப் பொறுத்துப் பழகுவதும் முதியவர் பாடு. பாந்திராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தை அடைய, உல்லாஸ்நகர்வாசி தாதரில் ரயில் மாற வேண்டும். நிலைய அறிவிப்பே காதில் விழாதவருக்கு அது எளிய பயணமன்று.

வட்டார அளவில் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களின் பணிகளில் காது-மூக்கு-தொண்டை கவனிப்பும் முதியோர் நலமும் முன்பே இடம்பெற்றுள்ளன. முதியவர் ஒருவர் மறதி என்று வந்தால், முதலில் காதில் குறும்பி அடைத்துள்ளதா என்று பார்த்து நீக்கலாம்; பின் அமைதியான அறையில், முகத்தைக் காட்டி, அவர் தாய்மொழியிலேயே வினவலாம். கருவி பெற்றோரை ஒரு மாதத்தில் மீண்டும் அழைத்துப் பார்ப்பதற்கு ஒரு நாட்குறிப்புப் பதிவேடும் வாரத்தில் ஒரு பிற்பகலும் போதும்.