அல்லிக்கு விளக்கு, தாமரைக்கு இருட்டு
வீட்டுக்கொரு குளம் – 11

குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மீனும் விட்டாயிற்று. அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை விளக்கு. நிறம் மாறுவது, மிதப்பது, நீரூற்றோடு சேர்ந்து எரிவது என்று கடைக்காரர் வரிசையாக எடுத்து வைப்பார். எதையும் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: இரவில் அந்தக் குளத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர்த் தலக்கதை இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது. மழை இரவொன்றில் முதலாழ்வார்கள் மூவரும் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நான்காவதாக யாரோ நெருக்குகிறார். அது யார் என்று பார்க்கத்தான் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பாட்டாலேயே விளக்கேற்றினார்கள் என்பது வைணவ மரபு. பார்க்க வேண்டியது முதலில் வந்தது, விளக்கு பிறகு வந்தது. கொல்லைக் குளத்துக்கும் அந்த வரிசைதான் சரி.

தாமரைத் தொட்டிக்கு விளக்குப் போடுவது பெரும்பாலும் வீண். காலையில் விரியும் பூ பொழுது சாய்வதற்குள் கூம்பிவிடும். நீங்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரத்தில் இலைதான் தெரியும். அல்லி அப்படியில்லை. இருட்டிய பின் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்வரை நிற்கும். மாலையில்தான் குளத்தடிக்கு வர முடியும் என்பவர்கள் அல்லி வைத்து, அதன்மேல் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு சிறு விளக்கு விழும்படி செய்தால் போதும்.

பூ இல்லாவிட்டால் நிழலாட்டம் இருக்கிறது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். திருமலை நாயக்கர் 1645இல் அமைத்தது. தைப்பூசத் தெப்பத்தன்று வெளிச்சமெல்லாம் சுற்றி வரும் தெப்பத்திலும் நடுவிலுள்ள மைய மண்டபத்திலும் இருக்கும். தண்ணீர் அதை வாங்கி இரண்டாக்கிக் காட்டும். கொல்லையிலும் அதே கணக்குத்தான். குளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாழைக்கோ தென்னைக்கோ கீழிருந்து வெளிச்சம் கொடுங்கள். மரம் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். அந்த நேரத்தில் நீரூற்றை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அலையடிக்கும் தண்ணீரில் பிம்பம் நிற்காது.

தண்ணீருக்குள்தான் வேண்டும் என்றால், நீங்கள் உட்காரும் பக்கத்துக் கரையோரம் விளக்கை வைத்து, எதிர்க்கரைக் கல்லைப் பார்க்கத் திருப்புங்கள். உங்களைப் பார்த்துத் திருப்பினால் கண்தான் கூசும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் உள்விளக்கு அந்தக் கலங்கலைத்தான் காட்டும். அப்போது வெளிவிளக்கே நல்லது. 3 வாட், வார்ம் ஒயிட், 2700 கெல்வின் அளவு போதும். உப்புத் தண்ணீராக இருந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். புளிக்கரைசலால் அவ்வப்போது தேய்த்துக் கழுவலாம்.

பூச்சிகளை மறக்கக் கூடாது. முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றருகே விளக்கேற்றி வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. வெள்ளை வெளிச்சம் தண்ணீரின் மேல் எரிந்தால் அதே ஈசல் உங்கள் குளத்தில் வந்து விழும். மீன்களுக்குக் கொண்டாட்டம் என்று விட்டுவிட முடியாது. அவை தின்றது போக மிச்சம் அழுகி, மறுநாளே தண்ணீர் நாறும். அந்த நாட்களில் விளக்கு வேண்டாம்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று கல்வராயன் மலையடிவாரத்தில் வீடு உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே இரவுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ஆண் மின்மினி ஒளி காட்டித்தான் பெண்ணைத் தேடுகிறது. நம் விளக்கு அந்தச் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். 2022இல் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் காடே ஒன்றாக மின்னியதை வனத்துறையினர் பதிவு செய்தார்கள். அதற்கு அங்கிருந்த இருட்டும் ஒரு காரணம். வெளிச்சம் பட்டால் சில தவளை இனங்கள் கத்துவதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரவெல்லாம் வெளிச்சம் பட்ட கோமாளி மீன் முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அது கடல் மீன்தான். ஆனாலும் பகலும் இரவும் மாறி மாறி வருவதை நம்பித்தான் குளத்து மீனும் வாழ்கிறது.

இனி மின்சாரம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 230 வோல்ட் தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரைச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தாலும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். விளக்கு ஐபி 68 தரமாக இருக்கட்டும். ஒயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டுப் புதையுங்கள். பெருச்சாளி கடிக்காமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. கட்டாயம், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். குளத்தில் கை வைக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் இல்லாமல் இதில் எதையும் தொட வேண்டாம்.

செலவு பெரிதில்லை. 3 வாட் விளக்கு நான்கு, தினம் நான்கு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. சிக்கல் அங்கேதான். கரண்ட் பில் ஏறாததால் யாரும் எழுந்து போய் அணைப்பதில்லை, விடியும்வரை எரிகிறது. எனவே விளக்கு வாங்கும் அன்றே ஒரு டைமரும் வாங்குங்கள். ஏழு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையட்டும். நீங்கள் பார்க்கும் நேரம் அவ்வளவுதான். மிச்ச இரவு குளத்தில் குடியிருப்பவற்றுக்கு.

(அடுத்த வாரம்: தண்ணீர் ஏன் பச்சையாகிறது?)